ஆல்ட்-எம் அசையாத கதை

"அண்ணே, காலையில நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஆல்ட்-எம் வேலையே செய்யல. ஆனா ஆல்ட்-ஸ்பேஸ் மட்டும் போகுது." பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரேக் கிளாசை ஓரமாக நகர்த்திவிட்டு மடிக்கணினியைத் திறந்தான் தம்பி.

அவன் வைத்திருப்பது டிடபிள்யூஎம். 2006இல் வந்த சாளர மேலாளர். சாளரங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறவிடாமல் திரையைப் பங்கு போட்டுக் கொடுக்கும். ஆல்ட்-டி என்றால் முதன்மைச் சாளரம் இடப்பக்கம், மற்றவை வலப்பக்கம் வரிசையாக. ஆல்ட்-எம் என்றால் ஒரே சாளரம் திரை முழுக்க. ஆல்ட்-ஸ்பேஸ் முந்தைய லேஅவுட்டுக்கு, அதாவது முன்பு சாளரங்கள் அடுக்கியிருந்த முறைக்குத் திருப்பும்.

லேஅவுட் என்பது வெறும் கணக்குதான். 1920×1080 திரை, நான்கு சாளரங்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள பட்டையை விட்டுவிடலாம். டிடபிள்யூஎம் வழக்கமாக இடப்பக்கத்துக்கு 55 விழுக்காடு தரும். அதாவது 1056 புள்ளி அகலம். மீதி 864 அகலத்தில் மூன்று சாளரங்கள், ஒவ்வொன்றும் 360 உயரம். குறுக்குவிசை செய்வதெல்லாம் எந்தக் கணக்கைப் போடுவது என்று மாற்றுவதுதான். புதிய அளவைச் சொன்னதும் அந்தந்தச் செயலி தன்னைத் தானே வரைந்துகொள்ளும். கடைப் பையன் மேசையை இழுத்துப் போடுவான். தட்டை எங்கே வைப்பது என்பது சாப்பிடுகிறவர் பாடு.

சரி, ஆல்ட்-எம் ஏன் செத்தது?

விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணைத்தான் அனுப்புகிறது. லினக்ஸில் திரையையும் விசைப்பலகையையும் கவனித்துக்கொள்ளும் நிரல் எக்ஸ் சர்வர். அது பார்க்கும் எம் விசையின் எண் 58. அந்த எண் எந்த எழுத்து என்பதை ஓர் அட்டவணை பிறகு சொல்லும். டிடபிள்யூஎம் தொடங்கும்போதே அட்டவணையைப் பார்த்து, "58உம் ஆல்ட்டும் சேர்ந்து வந்தால் எனக்குக் கொடு, வேறு யாருக்கும் வேண்டாம்" என்று சர்வரிடம் முன்பதிவு செய்துவிடும். நம்லாக், கேப்ஸ்லாக் எரிந்தாலும் கணக்குத் தப்பக்கூடாது என்று ஒவ்வொரு விசையையும் நான்கு முறை பதியும். கொஞ்சம் அசிங்கமான வேலை, ஆனால் வேறு வழியில்லை.

தம்பி தமிழ் தட்ட, அட்டவணையை முழுசாகத் தமிழ்99க்கு மாற்றியிருந்தான். அதில் 58 என்றால் 'ர'. அட்டவணை மாறியதும் சர்வர் எல்லோருக்கும் அறிவிக்கும். டிடபிள்யூஎம் பழைய பதிவுகளை அழித்துவிட்டு மறுபடி 'எம்' எங்கே என்று தேடும். எந்த விசையிலும் இல்லை. அப்புறம் எதைப் பதிவது? ஸ்பேஸ் மட்டும் தமிழிலும் ஸ்பேஸாகவே இருந்ததால் தப்பித்தது.

ஆங்கிலத்தை முதல் வரிசையிலும் தமிழை இரண்டாவதிலுமாக ஒரே அட்டவணையில் வைத்தோம். டிடபிள்யூஎம் முதல் வரிசையைத்தான் பார்க்கும், அதனால் தமிழ் ஓடினாலும் 58 அதற்கு எம்தான். ஐ3 என்ற இன்னொரு சாளர மேலாளரை வைத்திருப்பவர்கள் அமைப்புக் கோப்பில் எழுத்துக்குப் பதிலாக 58 என்றே எழுதிவிடலாம்.