வீட்டுக்கு ஸ்பிரிங்ளர் பூட்ட வேண்டுமா? திருகோணமலையில் கட்டுபவர்களுக்கு

உவர்மலையிலோ அன்புவழிபுரத்திலோ மேல்மாடி எழும்பும்போது, காசு அனுப்பிய வெளிநாட்டுத் தம்பியிடமிருந்து இப்போது ஒரு கேள்வியும் வருகிறது: "அண்ணா, ஸ்பிரிங்ளர் போடுறீங்களா? இங்க அது சட்டம்."

ஸ்பிரிங்ளர் என்றால் சீலிங்கில் பூட்டும், தீயின் சூடு பட்டதும் தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி. தம்பி சொல்வது சரி, அவர் இருக்கிற ஊருக்கு. வேல்ஸில் 2016 ஜனவரியிலிருந்து புதிதாகக் கட்டும் வீடுகளுக்குத் தானியங்கித் தீயணைப்பு முறை கட்டாயம். இங்கிலாந்தில் அடுக்குமாடிகளுக்கு மட்டும்தான். முன்பு 30 மீற்றர் உயரத்துக்கு மேற்பட்டவற்றுக்கே கேட்டார்கள். 2017இல் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் இறந்த பிறகு, 2020 நவம்பரிலிருந்து அந்த எல்லையை 11 மீற்றராகக் குறைத்தார்கள். கலிபோர்னியாவில் 2011 முதல் புதிய தனி வீட்டுக்கும் வேண்டும்.

இங்கே ஒரு குடும்பம் குடியிருக்கும் சாதாரண ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டுக்கு ஸ்பிரிங்ளர் கட்டாயமில்லை. பிளான் பாஸ் ஆவதற்கு அது தடையாகாது.

கட்டடம் 'உங்கள் வீடு' என்ற நிலையைத் தாண்டும்போதுதான் கணக்கு மாறுகிறது. உப்புவெளியில் விருந்தினர் விடுதி, நிலாவெளியில் மாடி மாடியாக வாடகை அறைகள், நகருக்குள் கீழே கடையும் மேலே குடியிருப்பும் என்று போனால், பிளான் பாஸ் பண்ணும் உள்ளூராட்சி சபை வேறு கண்ணால் பார்க்கும். நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதிகளில், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டத் தொடங்கக்கூடாது. கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ், அதாவது எல்லோரும் சொல்கிற சி.ஓ.சி, எடுக்காமல் குடியேறவும் கூடாது. தீப் பாதுகாப்புக்கு என்ன வேண்டும் என்பதை நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் தீ ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. கட்டடம் எதற்குப் பயன்படுகிறது, எவ்வளவு உயரம், தளத்தின் பரப்பு எவ்வளவு என்பவற்றை வைத்தே அவை தீர்மானிக்கின்றன. உயர்ந்த கட்டடம் என்றால் தீயணைப்புச் சேவையின் பரிந்துரையும் தேவைப்படும்.

ஆகவே படம் கீறுபவரிடம் முதல் நாளே சொல்லுங்கள்: "இது நாங்கள் இருக்க மட்டும் இல்லை, மேலே வாடகைக்கு விடப்போகிறோம்." வீடு என்று பிளான் போட்டு, பிறகு விடுதியாக மாற்றுபவர்கள்தான் சி.ஓ.சி எடுக்கும்போது அலைகிறார்கள். சீலிங் அடித்து, பெயின்ற் பூசி முடித்த கட்டடத்தில் குழாய் இழுப்பது காசுக்குப் பிடித்த கேடு. என்ன வேண்டும் என்று சபை சொல்வதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கட்டாயமில்லாவிட்டாலும் விரும்பிப் பூட்டலாம். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு பூட்டுங்கள். படங்களில் ஒருவன் சிகரெட் புகையைக் காட்டியதும் கட்டடம் முழுக்க மழை கொட்டுமே, அது வெறும் படம். ஸ்பிரிங்ளருக்குப் புகை தெரியாது, சூடுதான் தெரியும். அதன் தலையில் திரவம் நிரம்பிய சிறிய கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. சிவப்புக் குமிழ் 68 பாகை செல்சியஸில் உடையும். உடைந்த தலையில் மட்டுமே தண்ணீர் வரும், பக்கத்து அறை நனையாது. மஞ்சள் 79 பாகைக்கு, பச்சை 93 பாகைக்கு. நம் ஊரில் இந்த நிற வித்தியாசம் முக்கியம். கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, சீலிங் இல்லாத அறையில், சிவப்புக் குமிழ் போடக்கூடாது. சாதாரண வகைத் தலை, கூரையடிச் சூடு 38 பாகைக்கு மேல் போகாத இடத்துக்கே உரியது.

பெரிய சிக்கல் தண்ணீர்தான். அமெரிக்காவின் வீட்டு ஸ்பிரிங்ளர் நியமம் பொதுவாக இரண்டு தலைகள் பத்து நிமிடம் ஓடும் அளவு தண்ணீர் கேட்கிறது. தலை ஒன்றுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 லீற்றர் என்று வைத்தால் 1000 லீற்றர். கூரையில் நிற்கும் கறுப்புத் தாங்கி ஒன்று போதுமே என்று தோன்றும். அளவு போதும், அமுக்கம் போதாது. தலையருகே குறைந்தது அரை பார் அமுக்கம் வேண்டும், அதற்குத் தாங்கி ஐந்து மீற்றர் மேலே நிற்க வேண்டும். குழாயில் இழக்கும் அமுக்கம் அதற்கு மேலே. மேல்மாடி அறைக்கு அது நடக்காது, ஆகவே பம்ப் வேண்டும். கரண்ட் போனாலும் அந்தப் பம்ப் ஓட வேண்டும். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் நீர் வழங்கல் சபையின் தண்ணீரை நேரடியாக நம்பவும் முடியாது, குழாயில் வரும் அமுக்கம் நேரத்துக்கு நேரம் மாறும். குளிக்கவும் தோய்க்கவும் எடுக்கிற அதே தாங்கி என்றால், தீக்குரிய தண்ணீர் அடியில் எப்போதும் மிஞ்சுகிற மாதிரி வீட்டுக் குழாயை உயர்த்திப் பொருத்த வேண்டும்.

கடற்கரையோர வீடென்றால் சாதாரண இரும்புக் குழாயை உப்புக்காற்று தின்றுவிடும். தலைகளுக்கு பெயின்ற் அடிக்கக்கூடாது, அதில் உடுப்பும் தொங்கவிடக்கூடாது.

குசினியில் காஸ் கசிந்து வெடிப்பதை ஸ்பிரிங்ளர் தடுக்காது. 2021 கடைசியில் நாடெங்கும் நடந்த அடுப்பு வெடிப்புகள் நினைவிருக்கும். அதற்கு ரெகுலேற்றரையும் ஹோஸையும் பார்க்க வேண்டும். காசு அளவாக இருந்தால், என் கணக்கில் முதலில் வாங்க வேண்டியது படுக்கையறைக்கு வெளியே ஒரு புகை அலாரமும், குசினி வாசலில் ஒரு தீயணைப்புக் கருவியும்.

அடுக்குமாடியில் வீடு வாங்குபவர்களுக்கு இன்னொன்று. பம்ப், தாங்கி, பொதுக் குழாய் எல்லாம் பொதுச் சொத்து. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டத்தின் கீழ் அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துடையது. முற்பணம் கட்டுவதற்கு முன் பம்பைக் கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள், மாதக் கட்டணத்தில் அந்தச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தீயணைப்புச் சேவையின் அவசர இலக்கம் 110.