மைக்ரோ எகனாமிக்ஸ்ல அரியர் விழுறது கணக்கால இல்ல

பி.ஏ. எகனாமிக்ஸ், பி.காம்., பி.பி.ஏ. எதுல சேந்தாலும் சீக்கிரமே மைக்ரோ எகனாமிக்ஸ்னு ஒரு பேப்பர் வந்து நிக்கும். ரிசல்ட் வந்ததும் டிபார்ட்மென்ட் வாசல்ல வந்து நிக்கிற பசங்க சொல்ற முதல் காரணம், "சார் நான் ப்ளஸ் டூல மேத்ஸ் குரூப் இல்ல சார், அதான்." வருஷக்கணக்கா இந்தப் பேப்பரை நடத்துறவன், கட்டுக்கட்டா திருத்துறவன்ங்கிற முறையில சொல்றேன், அது காரணமே கிடையாது. பர்ஸ்ட் இயர் மைக்ரோல இருக்கிற கணக்கு கூட்டல், கழித்தல், சதவீதம், ஒரு நேர்கோட்டோட சரிவு, அவ்வளவுதான். மார்க் போறது வேற எடத்துல. டயகிராமை படமா மனப்பாடம் பண்றாங்க பாருங்க, அங்கதான்.

விடைத்தாள்ல வருஷா வருஷம் வர்ற ஒரு பதிலைப் பாருங்க. "தக்காளி விலை ஏறினால் தேவை குறையும். தேவை குறைந்தால் விலை குறையும். விலை குறைந்தால் தேவை கூடும். எனவே விலை மீண்டும் ஏறும்." படிக்கிறதுக்கு நல்லா லாஜிக்காதான் இருக்கு. ஆனா இது உண்மைன்னா எந்தப் பொருளோட விலையும் ஒரு நாள்கூட ஒரு எடத்துல நிக்காது. என்ன தப்புன்னா, தேவைக் கோடுங்கிறது எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவாங்கன்னு காட்டுற கோடு. விலை ஏறினதால ஜனங்க கம்மியா வாங்குறது அதே தேவைக் கோட்டுல ஒரு புள்ளியிலேர்ந்து மேல இருக்கிற இன்னொரு புள்ளிக்குப் போறது, கோடு இருந்த எடத்துலயேதான் இருக்கு, குறைஞ்சது வாங்குற அளவு. கோடே நகரணும்னா வருமானம் மாறணும், இல்லன்னா வேற பொருளோட விலை, ருசி, வாங்குறவங்க எண்ணிக்கை, நாளைக்கு விலை என்ன ஆகும்ங்கிற எதிர்பார்ப்பு, இதுல ஏதாவது ஒண்ணு மாறணும். அந்தப் பொருளோட சொந்த விலை மட்டும் கோட்டை நகர்த்தவே நகர்த்தாது. இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிடுச்சுன்னா முதல் ரெண்டு யூனிட் உங்க கையில.

2023 ஜூலைய ஞாபகம் வச்சுக்கோங்க. கோயம்பேட்டுக்கு தக்காளி நிறைய வர்றது ஆந்திரா, கர்நாடகா பக்கத்துலேர்ந்து. வெயில், அப்புறம் மழைன்னு விளைச்சல் அடிபட்டு வரத்து கொறைஞ்சது, சில்லறை விலை கிலோ 100 ரூபாய தாண்டிப் போச்சு. இப்ப பேப்பர் எடுத்து வரையுங்க. பாதிக்கப்பட்டது விக்கிற பக்கமா வாங்குற பக்கமா? விக்கிற பக்கம், அதனால அளிப்புக் கோடு, அதாவது எந்த விலைக்கு எவ்வளவு விக்க வருவாங்கன்னு காட்டுற கோடு, இடது பக்கம் போகுது. தேவைக் கோட்டைத் தொடக்கூடாது. பழைய தேவைக் கோட்டு மேலயே புதுப் புள்ளி, விலை ஜாஸ்தி, அளவு கம்மி. வீட்ல ஒரு கிலோ வாங்கினவங்க கால் கிலோ வாங்கினாங்களே, அது இந்த நகர்வுதான். தக்காளிக்குப் பதிலா புளிய கூட கரைச்சு ஊத்தி சமாளிச்சாங்களே, அது புளி மார்க்கெட், அதுக்குத் தனி டயகிராம், அங்க புளியோட தேவைக் கோடு வலது பக்கம் போகும். ரெண்டையும் ஒரே படத்துல போட்டுக் குழப்பிக்கிறவங்கதான் ஜாஸ்தி. அப்போ கவர்மென்ட் ரேஷன் கடையில கிலோ 60 ரூபாய்க்கு வித்துச்சு, வெளியில விலை அதைவிட எவ்வளவோ மேல, அதனால அந்த விலைக்கு வாங்க ஆசப்படுறவங்க இருக்கிற சரக்கைவிட ஜாஸ்தி, கியூ ஏன் வந்துச்சுன்னு யாரும் தனியா சொல்லித்தர வேணாம், டயகிராமே சொல்லிடும். பின்னாடி வரத்து கூடினதும் அளிப்புக் கோடு திரும்ப வலது பக்கம் வந்துச்சு, விலை இறங்கிடுச்சு. மேல எழுதுன சுழற்சிப் பதிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல பாருங்க.

இதே தக்காளிய வச்சே நெகிழ்ச்சி, அதாங்க எலாஸ்டிசிட்டி, புரிஞ்சுக்கலாம். விலை ஒரு சதவீதம் மாறினா வாங்குற அளவு எத்தனை சதவீதம் மாறுதுங்கிறதுதான் அது. விளைச்சல் அமோகமா இருக்கிற வருஷம்தான் விவசாயி தக்காளிய ரோட்ல கொட்டுறாரு, பாலக்கோடு, ஒட்டன்சத்திரம் பக்கம்லாம் இந்த நியூஸ் அடிக்கடி வரும். நல்லா விளைஞ்சா பணம் கூட வரணும்தானே? வராது, ஏன்னா விலை பாதியா இறங்கினாலும் நாம ரெண்டு மடங்கு தக்காளி சாப்பிடப் போறதில்ல, விலை விழுற வேகம் அளவு கூடுற வேகத்தைவிட ஜாஸ்தி, மொத்த வருமானம் அடி வாங்குது. நெகிழ்ச்சியற்ற தேவைன்னு புக்குல இருக்கிறது இதுதான். 2018 ஜனவரில பஸ் கட்டணத்தை ஏத்தினப்போ சென்னைல நிறைய பேரு எலக்ட்ரிக் டிரெயினுக்கு மாறினாங்க. மாத்து வழி இருந்தா ஜனங்க நழுவிடுவாங்க, கட்டணம் ஏறுன சதவீதத்துக்கு வருமானம் ஏறாது.

இதுல ஒரு பொறி இருக்கு, எக்ஸாம்ல கட்டாயம் வைப்பாங்க. கோட்டோட சரிவும் நெகிழ்ச்சியும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிறது. வாங்குற அளவு = 100 கழித்தல் விலைன்னு ஒரு நேர்கோடு எடுத்துக்கோங்க. விலை ஒரு ரூபா ஏறினா அளவு ஒண்ணு குறையுது, அதனால இந்தக் கோட்டுல விலையை அளவால வகுத்தாலே நெகிழ்ச்சி வந்துடும். விலை 80ன்னா அளவு 20, நெகிழ்ச்சி 80ஐ 20ஆல வகுத்தா 4. விலை 50ன்னா அளவும் 50, நெகிழ்ச்சி 1. விலை 20ன்னா அளவு 80, நெகிழ்ச்சி 0.25. கோடு ஒரே கோடு, சரிவு கொஞ்சம்கூட மாறல, ஆனா மேல ஒரு குணம் கீழ ஒரு குணம். "செங்குத்தா இருந்தா நெகிழ்ச்சி கம்மி"ன்னு ஒத்த வரி மனப்பாடம் பண்ணி வச்சிருக்கிற ஆளு இங்க காலி.

மேத்ஸ் படிச்சிட்டு வர்ற பசங்களுக்கு வேற மாதிரி தலைவலி. காரணமா இருக்கிறதைக் கிடையச்சுல போடணும்னு ஸ்கூல்ல பழகியிருப்பாங்க, இங்க விலை போயி செங்குத்து அச்சுல உக்காந்திருக்கும். ஆல்பிரட் மார்ஷல்னு இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் 1890ல வந்த தன் புக்குல அப்படி வரைஞ்சாரு, அதையே எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்க. ஏன் எதுக்குன்னு உக்காந்து மல்லுக்கட்டாம அச்சுக்குப் பேரு எழுதிட்டுப் போய்க்கிட்டே இருங்க. சொல்லப்போனா அச்சுக்குப் பேரு எழுதாம விட்டே மார்க்க கோட்டை விடுறவங்க ஏராளம்.

செலவுக் கோடுகள் வர்றப்போ கிளாஸ்ல பாதி பேரு கண்ணு சொருகிடும். எம்.சி. கோடு (கடைசி யூனிட்டோட செலவு) ஏன் ஏ.சி. கோட்டை (சராசரிச் செலவு) சரியா அதோட அடிமட்டத்துல வெட்டுதுன்னு கேட்டா "புக்ல அப்படித்தான் இருக்கு சார்"ம்பாங்க. பேட்டிங் ஆவரேஜ் தெரியும்ல? ஆவரேஜ் 50 வச்சிருக்கிறவரு அடுத்த இன்னிங்ஸ்ல 20ல அவுட்டானா ஆவரேஜ் இறங்கும், 90 அடிச்சா ஏறும், கரெக்டா 50 அடிச்சா அப்படியே இருக்கும். கடைசியா தயாரிச்ச ஒரு யூனிட்டோட செலவுதான் அந்த கடைசி இன்னிங்ஸ். சராசரி இறங்குறத நிறுத்தி ஏற ஆரம்பிக்கிற எடத்துல ரெண்டும் சமமா இருந்தே ஆகணும், வேற வழியில்ல. இந்தக் கோடுகள்ல தடுமாறுறது நீங்க மட்டும்னு நெனைக்காதீங்க, சிகாகோ யுனிவர்சிட்டில பெரிய புரொபசர் ஜேக்கப் வைனர் 1931ல எழுதுன கட்டுரைக்கு, நீண்டகாலச் சராசரிச் செலவுக் கோடு எல்லா குறுகியகாலக் கோட்டோட அடிப்புள்ளியையும் தொட்டுப் போகணும், ஆனா எதுக்கும் மேல போகக்கூடாதுன்னு படம் வரையச் சொல்லியிருக்காரு, வரைஞ்சவரு கணக்கு தெரிஞ்ச ஆளு, அது நடக்காது சார்னு சொல்லிட்டாரு. வைனர் விடாம அந்த வாக்குவாதத்தை அடிக்குறிப்பா வேற போட்டு வச்சாரு. வரைஞ்சவரு சொன்னதுதான் சரி.

அடுத்து எல்லா பேட்ச்லயும் வர்ற கேள்வி, நிறைவுப் போட்டில, அதாவது ஒரே பொருளை நிறைய பேரு விக்கிற, யாரும் தனியா விலைய நிர்ணயிக்க முடியாத சந்தைல, நீண்டகாலத்துல லாபம் ஜீரோன்னு சொல்றீங்களே, அப்புறம் எவன் சார் கடை நடத்துவான்? ஒரு மளிகைக் கடைக்காரருக்கு எல்லா செலவும் போக மாசம் 30,000 நிக்குதுன்னு வைங்க. கடை சொந்தக் கட்டடம், அதை வாடகைக்கு விட்டா 12,000 வரும். அவரே வேற கடைக்கு வேலைக்குப் போனா 18,000 சம்பளம். இந்த ரெண்டையும் அவரு விட்டுட்டுதான் இங்க உக்காந்திருக்காரு, கூட்டிப் பாருங்க, 30,000. கணக்குப் புத்தகத்துல லாபம், பொருளியல் கணக்குல ஜீரோ. கடைய மூடினாலும் அதே பணம்தான், அதனால மூடத் தேவையில்ல, புதுசா இன்னொருத்தர் பக்கத்துல கடை போடவும் காரணம் இல்ல. ஜீரோங்கிறதுக்கு அர்த்தம் இவ்வளவுதான், கடைக்காரரு பட்டினி கிடக்குறாருன்னு இல்ல. வாய்ப்புச் செலவுக்கு (ஒண்ண தேர்ந்தெடுக்குறப்போ விட்டுக்கொடுக்குற அடுத்த நல்ல வழியோட மதிப்பு) ரெண்டு மார்க் விளக்கம் கரெக்டா எழுதுற அதே பையன் இந்தக் கேள்விய கேக்குறான்ங்கிறதுதான் எனக்கு வருத்தம்.

விலை ஏறினா ஜாஸ்தியா வாங்குற, இறங்கினா கம்மியா வாங்குற பொருள்தான் கிஃபன் பொருள். அதுக்கு உதாரணம் கேட்டா காஸ்ட்லி கார், வைர நெக்லஸ்னு எழுதாதீங்க. அது ரொம்ப ஏழைகளோட அடிப்படைச் சாப்பாட்டு விஷயம். சீனால ஹூனான் மாகாணத்துல அரிசிக்கு மானியம் குடுத்துப் பாத்ததுல ஏழைக் குடும்பங்க அரிசிய கம்மியா வாங்கினதா ஜென்சன், மில்லர்னு ரெண்டு பேரு 2008ல கட்டுரை போட்டாங்க, அதை எழுதினா திருத்துறவரு நிமிந்து உக்காருவாரு.

எப்படிப் படிக்கிறதுன்னா, கைடையும் "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்" பிடிஎஃப்பையும் கொஞ்ச நாள் மூடி வைங்க. யூடியூப் வீடியோ பாக்குறப்போ எல்லாமே புரிஞ்ச மாதிரி இருக்கும், வீடியோவை நிறுத்திட்டு வெள்ளைத்தாள்ல அதே படத்தை வரைய முடியுதான்னு பாருங்க, முடியலன்னா புரியலன்னு அர்த்தம். தமிழ் மீடியத்துலேர்ந்து வந்தவங்க, காமர்ஸ் குரூப்பு, யாரா இருந்தாலும் தமிழ்நாடு பாடநூல் பதினொண்ணாம் வகுப்பு பொருளியல் புக்க ஒரு தடவை வாசிச்சிட்டு வாங்க, நுகர்வு, உற்பத்தி, செலவு, அங்காடி, பகிர்வுன்னு காலேஜ்ல வர்ற வரிசையிலேயே இருக்கு, இலவசமாவும் கிடைக்குது. தினம் பேப்பர்ல ஒரு விலைச் செய்தி எடுங்க, வெங்காய ஏற்றுமதிக்கு 2023 டிசம்பர்ல தடை போட்டாங்களே, அது மாதிரி. உள்ளூர் விலை என்ன ஆகும், நாசிக் விவசாயி ஏன் போராடுறாரு, வாங்குற நமக்கு என்ன லாபம்னு ஒரு படம் போட்டு கீழ நாலு வரி சொந்தமா எழுதுங்க. தப்பா இருந்தா கிளாஸ்ல கொண்டாந்து காட்டுங்க, அதுக்குத்தானே நாங்க சம்பளம் வாங்குறோம்.

எம்.ஏ. போகணும், நெட் (காலேஜ் ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதணும், ஐ.இ.எஸ். (இந்தியப் பொருளாதாரப் பணி) எழுதணும்னு எண்ணம் இருக்கிறவங்களுக்கு மட்டும் கணக்கு விஷயத்துல வேற பேச்சு, அங்க டிஃபரன்ஷியேஷன் இல்லாம ஒண்ணும் நடக்காது. பர்ஸ்ட் இயர் லீவுலயே ஆரம்பிச்சிடுங்க. மொத்த வருவாய் 100 பெருக்கல் அளவு கழித்தல் அளவோட வர்க்கம்னா, இறுதிநிலை வருவாய் (இன்னும் ஒரு யூனிட் வித்தா கூடுதலா வர்ற பணம்) 100 கழித்தல் ரெண்டு பெருக்கல் அளவுன்னு கைல போட வந்துச்சுன்னா போதும், முற்றுரிமை (ஒரே ஒரு விக்கிறவர் இருக்கிற சந்தை) டயகிராம்ல எம்.ஆர். கோடு, அதாவது இறுதிநிலை வருவாய்க் கோடு, தேவைக் கோட்டைவிட ரெண்டு மடங்கு சரிவா ஏன் இறங்குதுன்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல.