சூரியன் நின்ற ஊர் எங்கே இருக்கிறது?

பைபிளில் இஸ்ரவேலரின் தலைவர் யோசுவா போர் நடுவே சூரியனை நிறுத்தியதாகச் சொல்லப்படும் நாளை நாசாவின் கணினி கண்டுபிடித்துவிட்டதாமே, உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. பல பத்தாண்டுகளாகச் சுற்றிவரும் புரளி அது, நாசாவே மறுத்துவிட்டது. சூரியன் நின்றதைச் சொல்லும் பைபிள் வசனத்தில் வரும் கிபியோன் என்ற ஊரைத் தேடிப் பிடித்த கதைதான் நிஜத்தில் சுவையானது.

சூரியன் கிபியோன்மேல், சந்திரன் ஆயலோன் பள்ளத்தாக்கின்மேல் என்கிறது வசனம். ஆயலோன் பள்ளத்தாக்கு எருசலேமுக்கு மேற்கே இருக்கிறது. சந்திரன் மேற்கே, சூரியன் கிழக்கே என்றால் அது காலை நேரம். பௌர்ணமியை ஒட்டிய நாள். ஆக, கிபியோன் அந்தப் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே இருக்க வேண்டும். யோசுவாவிடம் தோற்ற எதிரிகள் கிபியோனிலிருந்து பெத்தொரோன் என்ற இறக்கம் வழியாக ஓடினார்கள் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. அந்த இறக்கத்துக்கு இருபுறமும் ஆழமான பள்ளங்கள். முகட்டை விட்டால் நல்ல வழி கிடையாது. ரோமானியர்களும் பின்னாளில் அங்கேதான் சாலை போட்டார்கள். சரி, அந்தப் பாதையில் மேலே ஏறிப்போனால் எருசலேமுக்கு வடமேற்கே, சுமார் 10 கிலோமீட்டரில், அல் ஜீப் என்ற கிராமம். பெயரிலும் பழைய சாயல் ஒட்டியிருக்கிறது. 1838-இல் அங்கே போன அமெரிக்கர் எட்வர்ட் ராபின்சன் இதுதான் கிபியோன் என்றார்.

1956-இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜேம்ஸ் பிரிட்சார்ட் அங்கே தோண்டத் தொடங்கினார். பாறையைக் குடைந்து வெட்டிய பெரிய வட்டக் குளம் கிடைத்தது. குறுக்களவு 11.8 மீட்டர். சுவரை ஒட்டி வளைந்து இறங்கும் படிகள், குளத்தின் அடியையும் தாண்டி நிலத்தடி நீர் வரை போகின்றன, மொத்தம் 79. குளத்தை மூடியிருந்த மண்ணில் சாடிக் கைப்பிடிகள். அவற்றில் பழைய எபிரேய எழுத்தில் 'கிபியோன்' என்று கீறியிருந்தது!

இத்துடன் முடிந்தது என்று நினைப்போம். எனக்குப் பிடித்த இடமே இனிமேல்தான். சாடியில் ஊர்ப்பெயர் இருந்தால் அது அங்கிருந்து வந்த சரக்கு என்றுதானே அர்த்தம்? விற்பனைக்குப் போன சாடி எங்கு வேண்டுமானாலும் உடைந்து கிடக்கலாம். நியாயமான ஆட்சேபணை. அப்புறம், சாடிகளின் வாயில் பொருந்தும் களிமண் அடைப்புகளும், ஒரு புனலும் அங்கேயே கிடைத்தன. பாறையில் வெட்டிய 60-க்கும் மேற்பட்ட பாதாள அறைகளும் வெளிப்பட்டன. திராட்சரசச் சாடிகளைக் குளிர்ச்சியாக வைக்க ஏற்றவை. சாடிகள் வெளியூரிலிருந்து வரவில்லை, அங்கேதான் நிரப்பப்பட்டிருக்கின்றன. அதற்குப் பிறகு பெரும்பாலான ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் போய்விட்டது.

ஊர் கிடைத்ததால் சூரியன் நின்றதும் நிரூபணமாகிவிட்டது என்று சிலர் தாவுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பாதையையும் ஊரையும் அறிந்த ஒருவர் எழுதினார் என்பது வரைக்கும்தான் இந்த ஆதாரம் போகும். யோசுவா வாழ்ந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் வெண்கலக் காலக் கடைசியைச் சேர்ந்த கல்லறைகள் அல் ஜீபில் கிடைத்தன. ஆனால் கிபியோன் பெரிய பட்டணம் என்கிறதே வேதம், அந்தக் காலத்துப் பட்டணம் பிரிட்சார்டின் அகழாய்வில் கிடைக்கவில்லை.