டால்க் கல்லா, ஹெராயினா: பூட்டிய பெட்டகத்தைப் படிக்கும் எக்ஸ் கதிர்

குற்றத் தொடர்களில் போதைப்பொருள் பெரும்பாலும் வாழைப்பழப் பெட்டிக்கு அடியிலோ மாவு மூட்டைக்குள்ளோதான் துறைமுகம் வந்து சேர்கிறது. மோப்ப நாய் குரைத்ததும் அதிகாரி கத்தியை எடுத்து மூட்டையைக் கிழிக்கிறார். சரக்குப் பெட்டகத்தை (கன்டெய்னரை) திறக்காமலே உள்ளே இருப்பது இன்னதென்று அறிய இயலாதா என வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஓரளவுக்கு இயலும்.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் பிடித்த சரக்கையே எடுத்துக்கொள்வோம். ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக வந்த இரண்டு பெட்டகங்களில் இருப்பது டால்க் என்னும் மென்மையான கனிமம் என்று ஆவணங்கள் கூறின. பெரிய சாக்குப் பைகளின் மேலடுக்கில் டால்க் கற்கள் இருக்க, கீழடுக்கில் ஹெராயின் இருந்தது. கல்லை நீக்கிப் பிரித்தெடுத்து நிறுத்தபோது 2,988 கிலோ தேறியது.

விமான நிலையத்தில் கைப்பைகளைச் சோதிக்கும் எக்ஸ் கதிர், சரக்கு நிறைந்த பெட்டகத்தைத் துளைத்து மறுபுறம் வராது. ஆற்றலை ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு உயர்த்தினால் துளைக்கும் திறன் கூடுகிறது. ஆனால் அந்த ஆற்றலில் ஃபோட்டான்கள், அதாவது கதிரின் ஒளித்துகள்கள், பெரும்பாலும் எலக்ட்ரான்களில் மோதிச் சிதறுகின்றன. எப்பொருளை எடுத்தாலும் ஒரு கிராமில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே என்பதால், கதிரின் வழியில் எவ்வளவு நிறை இருக்கிறது என்பது தெரியுமே தவிர, அது கல்லா போதை மருந்தா என்பது தெரியாது.

இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு இங்கேதான் துணைக்கு வருகிறது. ஆற்றல் 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட்டைக் கடந்துவிட்டால், அணுக்கருவின் அருகே செல்லும் ஃபோட்டான் மறைந்து, அதனிடத்தில் ஓர் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் பிறக்கலாம். அவ்விரு துகள்களின் நிறைக்கு ஈடான ஆற்றல்தான் அந்த 1.022. வெற்றிடத்தில் தனியே செல்லும் ஃபோட்டானால் இது ஆகாது. உந்தக் கணக்கை நேர்செய்ய அருகில் ஒரு கரு இருந்தே தீர வேண்டும். ஆகவே கருவின் மின்னூட்டம் கூடக் கூட, அதன் வர்க்கத்திற்கேற்ப இந்த இணைப்பிறப்பின் வாய்ப்பும் பெருகுகிறது; ஆற்றல் உயரும்போது சிதறல் குறைய, இதுவோ வளர்கிறது.

பெட்டக ஸ்கேனரில் எலக்ட்ரான்களை விரைவுபடுத்தி எக்ஸ் கதிரை உண்டாக்கும் நேர்கோட்டு முடுக்கி, எடுத்துக்காட்டாக 6, 9 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று இரண்டு உச்ச ஆற்றல்களில் மாறிமாறிக் கதிரை உமிழ்கிறது. இரண்டிலும் மறுபுறம் வந்து சேரும் அளவுகளை ஒப்பிட்டால், இடையிலிருந்த பொருளின் சராசரி அணு எண், அதாவது கருவின் மின்னூட்டத்தைக் குறிக்கும் எண், கிடைக்கிறது. மக்னீசியமும் சிலிக்கானும் கொண்ட டால்க்குக்கு இது ஏறத்தாழ பத்தரை. பெரும்பகுதி கார்பனான ஹெராயினுக்கு ஆறுக்குச் சற்றுக் குறைவு. அந்த வேறுபாட்டைத்தான் கணினி திரையில் நிறமாகத் தீட்டுகிறது.

இயற்பியலாளர் டிராக் 1931இல் கணித்த பாசிட்ரானை, மறு ஆண்டே விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் இன்னோர் இயற்பியலாளரான ஆண்டர்சன் கண்டார். உடனடிப் பயன் யாதெனக் கேட்கும் இன்றைய நிதிக்குழுக்களிடம் டிராக் விண்ணப்பித்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ. சுங்கச் சோதனை என்று நிச்சயம் எழுதியிருக்க மாட்டார்.

ஆயினும் கதிர் தன் பாதையிலுள்ள அனைத்தின் சராசரியையே சொல்கிறது. கல்லுக்குள் கிடக்கும் மருந்து நிறத்தால் பிரிந்து தெரியலாம். பழமும் மருந்தும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றாலேயே பெரிதும் ஆனவை என்பதால், வாழைப்பழப் பெட்டி விஷயத்தில் நிறம் கைகொடுக்காது. அடுக்கின் வடிவத்திலும் அடர்த்தியிலும் உள்ள பிசகைக் கண்ணால் தேட வேண்டியதுதான். முந்த்ராவிலும் துப்பு கிடைத்த பிறகே பெட்டகங்கள் தடுத்து வைக்கப்பட்டன. உள்ளே இருந்தது ஹெராயின்தான் என்பதைக் காந்திநகர் தடய அறிவியல் ஆய்வக வல்லுநர்கள் சோதித்து உறுதி செய்தனர்.