கண் திறக்காத குஞ்சைக் கையில் எடுக்கும் முன்

"டாக்டர், கண்ணே திறக்காத குஞ்சா வாங்குனாத்தான் நம்மகிட்ட ஒட்டும்னு கடையில சொல்றாங்க. வாங்கலாமா?"

மாதத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். சன் கன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் என்று கிளியின் பெயர்தான் மாறும். நான் ஓர் உயிரியல் பூங்காவில் பறவைகள் பிரிவைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர். கையால் ஊட்டிக் குஞ்சு வளர்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. அந்த வேலையைச் செய்து பார்த்ததால்தான் வாங்காதீர்கள் என்று சொல்கிறேன். காரணத்தை ஃபோனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடிவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பூங்காவில் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுப்பது கடைசி வழி. நீல மஞ்சள் மக்காவ் பெரும்பாலும் இரண்டு மூன்று முட்டை இடும். முதல் முட்டையிலேயே அடைக்கு உட்கார்ந்துவிடுவதால் குஞ்சுகள் சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பொரியும். கடைசிக் குஞ்சு கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக இருக்கும். மூத்தது கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள, இது பட்டினியில் கிடக்கும். முதன்முறை குஞ்சு பொரித்த ஜோடி சில சமயம் கூட்டையே கைவிடும். குஞ்சின் இறகைக் கொத்திப் பிடுங்கும் பெற்றோரும் உண்டு. அப்போதும் நாங்கள் முதலில் செய்வது, குஞ்சைக் கூட்டில் வைத்தே ஓரிரு வேளை கூடுதலாக ஊட்டுவது. அது முடியாவிட்டால் அதே வயதில் குஞ்சு வைத்திருக்கும் வேறு ஜோடியிடம் சேர்ப்பது. கரீபியன் தீவான பியூர்ட்டோ ரிக்கோவின் கிளி 1975இல் காட்டில் வெறும் 13 பறவைகளாகச் சுருங்கியது. அதை மீட்க எடுத்த முயற்சியில், அதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் நெருங்கிய உறவான ஹிஸ்பானியோலா கிளிகளிடம் கொடுத்து வளர்த்தார்கள். கிளிக்குஞ்சை வளர்க்கக் கிளியைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

எதுவும் கைகூடாத நாளில்தான் குஞ்சு எங்கள் அறைக்கு வரும். பொரித்த அன்று மக்காவ் குஞ்சின் எடை இருபது கிராம் சொச்சம். வளர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ வரப்போகும் பறவை அது. உடம்பில் இறகு கிடையாது, கண் மூடியிருக்கும், தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. தாயின் அடிவயிற்றுச் சூட்டுக்குப் பதிலாக, புரூடர் என்ற சூட்டுப் பெட்டியை ஏறக்குறைய 36 டிகிரி செல்சியஸில் வைக்கிறோம். இறகு முளைக்க முளைக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை விரித்துக் கிடந்தால் சூடு அதிகம். உடம்பு சில்லென்று இருந்தால் செரிமானமே நின்றுபோகும். குளிர்ந்த குஞ்சுக்கு எவ்வளவு பசித்தாலும், சூடேற்றிய பிறகுதான் ஊட்ட வேண்டும். அடியில் வழுக்கும் பிளாஸ்டிக்கோ செய்தித்தாளோ போட்டால் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து நிரந்தரமாகக் கோணிவிடும். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்து விட்டுவிட்டு, மூன்று வாரம் கழித்து வருபவர்கள் நிறைய.

அப்புறம் ஊட்டல். முதல் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நள்ளிரவிலும். ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. குஞ்சுக்கான கூழை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்க வேண்டும். மிச்சத்தைச் சூடாக்கி மறுபடி கொடுக்கக் கூடாது. கூழின் சூடு 39 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் குஞ்சு வாங்காது, அல்லது விழுங்கியது முதலில் போய்ச் சேரும் கழுத்தடித் தீனிப்பையில் தேங்கிவிடும். 43ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துபோகும். நல்லதற்கும் நாசத்துக்கும் நடுவே இருப்பது இரண்டு டிகிரிதான். அதை விரல் நுனியால் கணிக்க முடியாது, தெர்மாமீட்டர் வேண்டும்.

ஒரு கல்லூரி மாணவர் ஐந்து வாரச் சாம்பல் கிளிக் குஞ்சை ஷூ டப்பாவில் வைத்து எடுத்து வந்தார். "கொடுக்கிற கஞ்சி நெஞ்சு வழியா கசியுது டாக்டர்" என்றார். பார்த்தால் கழுத்துக்குக் கீழே காசு அளவுக்கு ஓட்டை. ஒரு வாரத்துக்கு முன் கூழை மைக்ரோவேவில் சூடாக்கியிருக்கிறார். மைக்ரோவேவ் ஒரே சீராகச் சூடாக்காது. மேலே தொட்டால் இதமாக இருக்கும், நடுவில் ஒரு கவளம் கொதித்துக்கொண்டிருக்கும். வெந்த இடம் உடனே தெரிவதில்லை. சில நாள் கழித்துக் கருத்து, காய்ந்து, விழுந்த பிறகுதான் ஓட்டை தெரியும். கெட்ட தசை எது, நல்ல தசை எது என்று பிரிந்து தெரியும்வரை காத்திருந்து, தீனிப்பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்தேன். அந்தக் குஞ்சு பிழைத்தது. அதே மாதம் வந்த இன்னொன்று பிழைக்கவில்லை. அதற்கு வாயில் கூழை வேகமாகப் பீய்ச்சியிருந்தார்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. கிளியின் உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கம் ஓடுகிறது. அதனால் சிரிஞ்சை அலகின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நோக்கிப் பிடிக்க வேண்டும். குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டி வாங்கும்போது மட்டும் தள்ள வேண்டும். அது ஆட்டுவதை நிறுத்தினால் நம் கையும் நிற்க வேண்டும். இரண்டு பேரும் குஞ்சின் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். பத்து நிமிடம் யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தால் போதும், இரண்டுமே நடந்திருக்காது.

கைக்குழந்தைக்கு வாங்கும் பால் கலந்த பாக்கெட் மாவைக் கரைத்து ஊட்டுபவர்களும் உண்டு. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி பறவைகளுக்குக் கிடையாது. அந்த மாவில் கிளிக்குஞ்சுக்கு வேண்டிய அளவில் சத்துகளும் இல்லை.

இதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம். பயிற்சி இருந்தால், தூக்கத்தை விடத் தயாராக இருந்தால், குஞ்சு பிழைக்கும். எனக்கு இன்னும் உறுத்தலாக இருப்பது பிழைத்த குஞ்சுகளைப் பற்றியது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒற்றை மக்காவ் குஞ்சு ஒன்றை வளர்த்தோம். கூடப்பிறந்தவை பொரிக்கவில்லை. அழகாக எடை ஏறியது, மூன்று மாதத்தில் பறந்தது. எல்லோருக்கும் செல்லம். என் குரல் கேட்டாலே கதவுக்கு ஓடி வரும். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. வயதுக்கு வந்ததும் நல்ல பெண் பறவை ஒன்றைச் சேர்த்துவிட்டோம். அது அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்கக் கம்பி வலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தீனி கொண்டுவரும் கீப்பர் அண்ணனைப் பார்த்துக் கழுத்தை ஆட்டித் தீனியைக் கக்கிக் காட்டும். கிளி தன் துணைக்குச் செய்கிற மரியாதை அது. அவர் நகர்ந்துவிட்டால் கத்தும், பிறகு தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கும். "இதுக்கு நான்தான்மா பொண்டாட்டி" என்று அவர் ஒரு நாள் கண் கலங்கச் சொன்னார். அந்தக் குஞ்சுக்கு நாங்கள் சோறு ஊட்டினோம், அது யார் என்பதைச் சொல்லித் தரவில்லை.

இதை ஆங்கிலத்தில் இம்பிரிண்டிங் என்பார்கள், மனப்பதிவு என்று சொல்லலாம். 1930களில் ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லாரன்ஸ் சாம்பல் வாத்துக் குஞ்சுகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார். பொரித்தவுடன் பார்த்தவரையே தாயாக எடுத்துக்கொண்டு அவை அவர் பின்னாலேயே நடந்தன. கிளிகளிடம் இது மெதுவாக, வாரக்கணக்கில் படிகிறது. அமெரிக்காவில் வால்நட் என்று ஒரு வெண்கழுத்துக் கொக்கு இருந்தது. மனிதர்கள் வளர்த்த பறவை அது, ஆண் கொக்குகளை அண்டவே விடாது. ஸ்மித்சோனியன் பூங்காவின் இனப்பெருக்க மையத்துக்கு 2004இல் வந்த பிறகு, அங்கிருந்த பராமரிப்பாளர் ஒருவரையே துணையாக ஏற்றுக்கொண்டது. அவர் உதவியோடு செயற்கைக் கருவூட்டல் செய்துதான் அதற்குக் குஞ்சுகள் பிறந்தன.

கலிபோர்னியக் காண்டார் கழுகுகளின் கதை இன்னும் பெரியது. 1987இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்தார்கள். அப்போது உலகத்தில் மிஞ்சியிருந்த 27 பறவைகளும் மனிதப் பராமரிப்பில்தான் இருந்தன. முட்டையை எடுத்தால் தாய் இன்னொன்று இடும் என்பதால், எடுத்த முட்டைகளைப் பொரித்துக் குஞ்சுகளைக் கையால் வளர்த்தார்கள். மனித முகமே தெரியக் கூடாது என்று காண்டார் தலை போன்ற கைப்பொம்மையால் ஊட்டினார்கள். அப்படியும் 1992 முதல் காட்டில் விட்ட இளம் பறவைகள் மின்கம்பங்களில் போய் உட்கார்ந்தன, மனிதர்கள் இருக்கும் இடம் தேடி வந்தன. பிறகு பெற்றோரிடமே வளர விடுவதும், மூத்த பறவை ஒன்றைக் கூடவே வைப்பதும் கூடியது. பொம்மை தீனியைத் தரும். ஆனால் தப்பு செய்தால் அது கொத்தி அடக்காது.

குயில் காக்கைக் கூட்டில் வளர்ந்தும் குயிலாகத்தானே கூவுகிறது என்று பூங்காவுக்கு வந்த பள்ளி மாணவி ஒருத்தி கேட்டாள். அருமையான கேள்வி. குயிலுக்குக் கூவல் பிறவியிலேயே இருக்கிறது. அடுத்தவர் கூட்டில் வளர்வதற்கென்றே அமைந்த இனம் அது. கிளி அப்படி இல்லை. குரல், உறவு, பயம், உரித்துத் தின்னும் நுணுக்கம் எல்லாவற்றையும் தன் இனத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது.

அதனால் எங்கள் பூங்காவில் இப்போது ஒற்றைக் குஞ்சை வளர்ப்பதில்லை. இரண்டு மூன்றைச் சேர்த்தே வைக்கிறோம். கண் திறந்ததும் பெரிய பறவைகள் தெரியும் இடத்துக்கு புரூடரை நகர்த்துகிறோம். ஊட்டும் நேரம் தவிரக் கொஞ்சுவதில்லை. அதுதான் மிகக் கஷ்டமான விதி.

வளர்க்க ஆசை இருந்தால், தானாகத் தின்னவும் பறக்கவும் பழகிய பறவையாக, முடிந்தால் ஜோடியாகக் கேளுங்கள். பெற்றோரிடம் வளர்ந்த இளம் பறவையும் பொறுமையாகப் பழகினால் கைக்கு வரும். வெளிநாட்டுப் பறவைகளில், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பதை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைப்பதே குற்றம்.

குஞ்சு ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால், கிராம் காட்டும் தராசு ஒன்று இன்றே வாங்குங்கள். தினமும் காலையில் முதல் ஊட்டலுக்கு முன் எடை போட்டு எழுதுங்கள். பறக்கத் தொடங்கும் பருவத்தில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்கு முன் இறங்கினால் இயல்பில்லை. காலையில் தீனிப்பை காலியாகாமல் புளித்த வாடை வந்தால் மேலும் ஊட்டாமல், பறவை தெரிந்த மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். மறுநாள் வரை தாங்காது.

போன வருடம் எங்களிடம் ஒரு மக்காவ் ஜோடியின் மூன்றாவது குஞ்சு பின்தங்கியது. பழைய வழக்கப்படி என்றால் அன்றே அறைக்கு வந்திருக்கும். கீப்பர் அண்ணன் காலையும் மாலையும் பெற்றோர் தீனி தின்ன வெளியே வரும் நேரம் பார்த்து, கூட்டுப் பெட்டியின் பின்கதவைத் திறந்து, எடை போட்டு, நாலு வாய் ஊட்டி, மறுபடி உள்ளே வைத்தார். பதினோரு நாள் இப்படிச் செய்தோம். பன்னிரண்டாம் நாள் போனபோது குஞ்சின் தீனிப்பை நிறைந்திருந்தது, உள்ளே தாய் ஊட்டிய கடலைத் துணுக்குகள் தோல் வழியே தெரிந்தன. அவர் சிரிஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.