போர்க்கைதியா, போர்ச்சிறையரா?

போர்க்கைதி என்ற சொல்லில் முன்பாதி தமிழ், பின்பாதி அரபு. அரபியில் 'கைத்' என்றால் தளை, விலங்கு. அதிலிருந்து வந்த 'கைதி'க்கு விலங்கு பூட்டப்பட்டவன் என்று பொருள். பாரசீகத்திலும் இந்துஸ்தானியிலும் புழங்கி, கச்சேரி மொழியாக, அதாவது அரசு அலுவலக மொழியாக, அது தமிழ்நாட்டுக்கு வந்தது. தஞ்சையில் 1676 முதல் 1855 வரை மராட்டிய அரசு இருந்தது. அப்புறம் கிழக்கிந்தியக் கும்பினியின் கச்சேரி. ஜாமீன், வக்கீல், அமீனா, வசூல், பாக்கி என்று நாம் இன்றும் வாய் கூசாமல் சொல்லும் சொற்களின் வரிசையில்தான் கைதும் கைதியும் நிற்கின்றன. கையைப் பிடித்துக் கட்டுவதால் கைது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு தமிழாசிரியரே அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'கை'க்கும் இதற்கும் உறவு கிடையாது. கடற்கரைத் தாழையைக் குறிக்கும் 'கைதை' என்ற பழஞ்சொல் காதுக்கு இதைப்போல ஒலிக்கும். அதுவும் வேறு சொல்தான்.

சொல் எங்கிருந்து வந்தது என்பதற்காக நான் அதை ஒதுக்கச் சொல்லவில்லை. பாக்கியும் வசூலும் இருந்துவிட்டுப் போகட்டும். என் மனத்தை உறுத்துவது வேறு.

2019 பிப்ரவரி 27 அன்று அபிநந்தன் வர்தமான் என்ற நம் விமானி பாகிஸ்தான் எல்லைக்குள் விழுந்து பிடிபட்டார். மறுநாள் காலை குடவாசலில் ஒரு டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, கைதிங்கிறாங்களே, அந்தப் புள்ள என்ன குத்தம் பண்ணிச்சு?"

"குத்தம் ஒண்ணும் இல்லீங்க ஐயா. சண்டையில பிடிபட்டவங்களை அப்படித்தான் எழுதுவாங்க."

"பிடிபட்டான்னா, பிடிபட்டான்னுல்ல எழுதணும்?"

அவர் கேட்டது நியாயம். சண்டையில் பிடிபட்ட வீரன் குற்றவாளி அல்ல. அவரை அடைத்து வைப்பது தண்டனையும் அல்ல. திரும்பப் போய்ச் சண்டையில் சேராமல் தடுத்து வைப்பது, அவ்வளவுதான். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. பிடிபட்டவர் தன் பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் இவற்றைச் சொன்னால் போதும். தப்பிக்க முயன்று மாட்டிக்கொண்டால்கூட அது ஒழுங்கு மீறல்தானே தவிர, குற்றமாகாது. சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். மற்ற மொழிகளும் பெரியவர் பக்கம்தான். ஜெர்மானியர் 'கிரீக்ஸ்கெஃபாங்கனர்' என்பார்கள். போரில் பிடிபட்டவர் என்று நேர்ப்பொருள். ஜெர்மனியின் முகாம்களில் இருந்த ஆங்கிலேய விமானிகள் இந்த நீளச் சொல்லைச் சுருக்கித் தங்களையே 'கிரீகி' என்று அழைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்துப் 'பிரிசனர்' என்பதும் பிடித்தல் என்று பொருள்படும் இலத்தீன் வேரில் பிறந்தது. நம்முடைய 'கைதி'யில் மட்டும் விலங்கு கிலுகிலுக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சிறை' என்கிறேன் நான்.

சிறை என்றதும் கம்பிக் கதவுதான் கண்முன் வரும். பழந்தமிழில் அந்தச் சொல்லுக்கு வயல்வெளி போலப் பரப்பு. 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி' என்ற குறுந்தொகை அடியைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அங்கே சிறை என்பது சிறகு. 'வருவிசைப் புனலைக் கற்சிறை போல' என்று தொல்காப்பியம் சொல்கிறது. சீறி வரும் வெள்ளத்தைக் கல்லணை தாங்குவதுபோல, மேலேறி வரும் படையைத் தனி ஒருவனாக நின்று தாங்கும் வீரனுக்கு அந்த உவமை. இங்கே சிறை என்றால் அணை. வாய்க்காலில் கொரம்பு போட்டுத் தண்ணீரை மறித்துப் பழகிய நமக்கு இதற்கு உரை தேவையில்லை. மறித்து வைப்பது தண்ணீரைத் தண்டிக்க அல்லவே. அப்புறம் 'செருவந்த போழ்திற் சிறைசெய்யா வேந்தன்' என்ற குறளில், போர் வருமுன் செய்துகொள்ள வேண்டிய காப்பைச் சிறை என்கிறார் வள்ளுவர். தடுப்பதும் சிறை, காப்பதும் சிறை, பறக்கும் இறகும் சிறை. வானிலிருந்து விழுந்து பிடிபட்ட ஒரு விமானிக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எந்த மொழியில் இருக்கிறது?

தமிழ் இலக்கியத்தில் நன்றாக நினைவில் நிற்கும் போர்ச்சிறையர் இருந்த இடமும் நம் டெல்டாதான். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு பொருது தோற்று, குடவாயிற் கோட்டத்தில் அடைபட்டான். அந்தக் குடவாயில்தான் இன்றைய குடவாசல் என்பார்கள். தண்ணீர் கேட்டான், உடனே கொடுக்கவில்லை. பிறகு வந்த தண்ணீரைக் கையில் வாங்கியவன் குடிக்காமல் ஒரு பாட்டுச் சொல்லி இறந்தான் என்கிறது புறநானூற்று 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு. சங்கிலியில் கட்டிய நாயைப்போல வைத்திருந்து, கொடுக்க மனமில்லாதவர் தரும் நீரை வயிற்றுத் தீ தணிய இரந்து உண்பதா என்பது அவன் கேள்வி. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்ற வேறொரு மரபும் உண்டு. அந்த அடிக்குறிப்பு, சேரன் பிடிபட்டதைப் 'பற்றுக்கோட்பட்டு' என்று எழுதுகிறது. பற்று, கோள் இரண்டுமே பிடிப்பு. டீக்கடைப் பெரியவர் கேட்ட 'பிடிபட்டான்' இதுதான்! ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஏட்டில் கிடந்த சொல்.

இந்தச் சொற்களை ஒரு மனிதர் மேல் வைத்துப் பார்க்க எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் லெனார்ட் பர்ச்சால். 1915இல் கனடாவில் பிறந்தவர். நம் கோடியக்கரைக்கு எதிரே இருக்கும் இலங்கைக்காகப் பிடிபட்டவர். அவர் ஓட்டியது கேட்டலினா என்னும் பறக்கும் படகு, கடலைச் சுற்றிக் காவல் பார்க்கும் குண்டுவீச்சு விமானம். கனடாவின் 413ஆம் படைப்பிரிவோடு 1942 ஏப்ரல் தொடக்கத்தில்தான் இலங்கையின் கொக்கலைக்கு வந்து சேர்ந்தார். ஏப்ரல் 4 விடியுமுன் கிளம்பிய விமானம், பகலெல்லாம் கடலைச் சல்லடை போட்டுவிட்டு மாலையில் திரும்ப இருந்த நேரத்தில், தெற்கே தொடுவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போனால் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு ஜப்பானியக் கடற்படை. பார்த்ததைக் கொழும்புக்குத் தந்தியில் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியச் சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. கேட்டலினா கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். இசோகாசே என்ற ஜப்பானியக் கப்பல் அவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டது.

செய்தி அனுப்பினாயா என்று கேட்டு அடித்தார்கள். இல்லை என்று சாதித்தார். அந்த நேரம் பார்த்துக் கொழும்பு, செய்தியைத் திரும்பச் சொல்லும்படி வானொலியில் கேட்க, ஜப்பானியருக்கு உண்மை தெரிந்துபோனது. பிறகு விழுந்த அடியைச் சொல்ல வேண்டுமா? ஆனாலும் கொழும்புக்கு ஓர் இரவு கிடைத்துவிட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியே அனுப்ப முடிந்தது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. சென்னையை விட்டு மக்கள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பியது அந்த வாரத்தில்தான்.

பர்ச்சால் 1945 ஆகஸ்டு வரை ஜப்பானிய முகாம்களில் இருந்தார். முதலில் அடைத்தது ஓஃபுனா என்ற இடத்தில். ஜப்பானியக் கடற்படை நடத்திய விசாரணை முகாம் அது. அங்கே இருந்தவர்களைப் போரில் பிடிபட்டவர்கள் என்று பதிவே செய்யவில்லை; செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அவர்கள் பெயர் போகவில்லை. பெயர் மறுக்கப்பட்டதும் காப்பும் போய்விட்டது. நான் சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவது இதனால்தான். பின்னால் வேறு முகாம்களில் மூத்த அதிகாரியாக இருந்தபோது, சோற்றுப் பங்கில் தனக்குக் குறைவு என்று நினைக்கும் எவரும் அதிகாரியின் பங்கோடு மாற்றிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு செய்தார். 1944இல் நோயாளிகளை வேலைக்கு விரட்டியபோது எல்லோரையும் வேலையை நிறுத்தி உட்காரச் செய்து, அதற்கும் அடி வாங்கினார். ஒளித்து வைத்து எழுதிய நாட்குறிப்புகள் போர்க்குற்ற விசாரணைகளில் சான்றாயின. 'இலங்கையின் மீட்பர்' என்று அவரைச் சொல்வதுண்டு. 2004இல் காலமானார்.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டத்தையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் டெல்டாவில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. அந்தத் தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போட இழுத்துப்போனார்கள். அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்கார வீரர்களுக்குப் பிடிபட்ட வீரர்கள் என்ற பெயர் இருந்தது, பட்டியல் இருந்தது, பின்னாளில் வரிசையாகக் கல்லறைகளும் அமைந்தன. நம்மவர்கள் கணக்கில் வெறும் கூலிகள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை.

அதனால் என் தேர்வு இது. பிடிபட்ட செயலுக்குப் 'பற்றுக்கோட்படுதல்' சரியான சொல். நாளிதழுக்குக் கடினம் என்றால் 'சிறைப்பிடிக்கப்பட்டார்' என்பதே போதும். ஆளைக் குறிக்கப் 'போர்ச்சிறையர்'. பேச்சில் 'போரில் பிடிபட்டவர்'. சிறைவாசி என்று அரசு எழுதுவது வழக்குகளில் உள்ளே இருப்பவர்களை, அதை இதோடு கலக்க வேண்டாம். விமானிக்கு 'வலவன்' இருக்கிறது: சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 27ஆம் பாட்டிலேயே 'வலவன் ஏவா வான ஊர்தி' வந்துவிட்டது. தஞ்சாவூரில் விமானம் என்றால் பெரிய கோயிலின் கருவறைக் கோபுரமும் நினைவுக்கு வரும், 2020 முதல் விமானப்படைத் தளத்தில் நிற்கும் சுகோய்ப் போர் விமானங்களும் நினைவுக்கு வரும். 'வானூர்தி' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

எழுதிப் பார்க்கிறேன்: குண்டுவீச்சு வானூர்தி வலவர் லெனார்ட் பர்ச்சால் 1942 ஏப்ரல் 4 அன்று பற்றுக்கோட்பட்டார், மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானில் போர்ச்சிறையராக இருந்தார்.