சந்தா ரசீதும் ஒரு கேலிச்சித்திரமும்

பணிக்கொடை வழக்கு விஷயமாக ஒரு நூற்பாலைத் தொழிலாளி என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். பேசி முடித்து எழுந்தவர், வாசற்படியில் நின்று செல்போனை நீட்டினார். "இது நெசமுங்களா சார்?"

கீறல் விழுந்த திரையில் வாட்ஸ்அப் கேலிச்சித்திரம் ஒன்று. தொப்பையும் சுருட்டுமாக ஒரு தொழிற்சங்கத் தலைவர். அவர் விரல்களில் கட்டிய நூலில் ஆடும் குட்டி எம்.எல்.ஏ.க்கள். காலடியில் 'சந்தா' என்று எழுதிய மூட்டை. "மாசாமாசம் நாங்க கட்டற காசு இப்படித்தான் போகுதுங்களா?"

உட்காரச் சொன்னேன்.

முதலில் அந்தச் சுருட்டு. நம் ஊர்ச் சங்கத் தலைவர் யாரும் சுருட்டு பிடித்து நான் பார்த்ததில்லை, டீயும் பீடியும்தான். அந்த உருவம் அமெரிக்கச் சரக்கு. 1889 ஜனவரியில் 'பக்' என்ற நகைச்சுவை இதழில் ஜோசப் கெப்ளர் வரைந்த 'செனட்டின் முதலாளிகள்' சித்திரத்தில், அமெரிக்க மேலவை உறுப்பினர்களான செனட்டர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் எஃகு, செம்பு, சர்க்கரை, எண்ணெய் என்று ஏகபோகக் கம்பெனிகள் வரிசையாக நிற்கும், வயிறே பணமூட்டை. மூலையில் 'மக்கள் நுழைவாயில்' என்ற கதவு, பூட்டிக் கிடக்கும். கம்பெனி முதலாளிக்காகத் தைத்த அந்தத் தொப்பையைத்தான் பிற்பாடு சங்கத் தலைவருக்கும் மாட்டிவிட்டார்கள்.

கேலிச்சித்திரம் மிகைப்படுத்தும், அதுதான் அதன் வேலை. அதில் எனக்குக் குறையில்லை. செல்வாக்கு எந்த வழியாகப் போனது என்பதை மட்டும் அது காட்டாது. எல்லாவற்றுக்கும் ஒரே நூல்.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது. சங்கங்கள் எதிர்த்தன, ஆளுங்கட்சி சார்ந்த சங்கம் உட்பட. மூன்றே நாளில் சங்கங்களோடு பேச்சுவார்த்தை, மசோதா நிறுத்திவைப்பு. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சட்டமன்றத்தின் மேல் சங்கம் செலுத்திய செல்வாக்குதான் இது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாம் ஊரறிய நடந்தது. இதற்கு மூட்டை வரைந்தால் அது பொய்.

சரி, மூட்டை எங்கே இருக்கலாம்? அதற்குத்தான் சட்டம் வேலி போட்டிருக்கிறது. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த தொழிற்சங்கச் சட்டம் 1926-இன் 16-வது பிரிவுப்படி, தேர்தல் செலவு மாதிரியான அரசியல் காரியங்களுக்குச் சங்கம் தனி நிதி வைக்க வேண்டும். பொதுச் சந்தாவில் கை வைக்கக் கூடாது. அந்தத் தனி நிதிக்குப் பணம் கட்டச் சொல்லி உறுப்பினரைக் கட்டாயப்படுத்த முடியாது, கட்டாதவருக்குச் சலுகையைக் குறைக்கவும் முடியாது. பிரிட்டனின் 1913 தொழிற்சங்கச் சட்டத்தின் சாயல் இது. 1926 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தனி நிதி, கட்டாயமின்மை இரண்டும் அப்படியே இருக்கின்றன. உறுப்பினர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கச் சங்கத்தின் விதிகளிலேயே வழி இருக்க வேண்டும்.

எத்தனை பேர் போய்ப் பார்க்கிறார்கள்? என் அனுபவத்தில், நிர்வாகிகளோடு சண்டை வந்த பிறகுதான் அந்த நினைப்பே வருகிறது. சங்கங்கள் பக்கமும் தப்பு உண்டு. சந்தாவையும் கட்சி மாநாட்டு வசூலையும் ஒரே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரிச் சீட்டுதான் அந்தக் கேலிச்சித்திரத்துக்குத் தீனி.

மறு வாரம் அவர் பழைய ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்தார். ஒன்றில் 'சந்தா 50', அதற்குக் கீழே 'நன்கொடை 20'. எந்த நிதிக்கு நன்கொடை என்று எழுதவில்லை.

"இது நீங்களா விரும்பிக் கொடுத்ததா?"

யோசித்தார். "எல்லாருங் கொடுத்தாங்க, நானுங் கொடுத்தேனுங்க."

ரசீதுகளைத் திரும்பவும் ரப்பர் பேண்டுக்குள் செருகினார். "ஞாயித்துக்கிழமை பொதுக்குழு இருக்குதுங்க சார். கேட்டுப்போடறேன்."